முச்சந்தியில் நின்ற வண்டி

2024 ஏப்ரல் 3, புதன்

மறுபடியும் நின்றுவிட்டது. இந்த வெயில் தொடங்கியதிலிருந்து இது மூன்றாவது தடவை.

இன்று ஏறியவர் தொண்ணூறைத் தாண்டிய பெரியவர். டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றதால் பேரன்மார்களுக்கு ஒரே சிரிப்பு. "தாத்தாவுக்கு டீ வேணுமாட்ட இருக்குது, வாங்கி ஊத்துங்கடா" என்றார்கள். வாங்கி வந்து வண்டிக்கு முன்னால் ஊற்றினார்கள். எல்லாரும் ஆளுக்கொரு டீ குடித்து முடித்தார்கள். பிறகு சாவியைத் திருப்பினால் ஒரே அடியில் எடுத்துக்கொண்டது. கைதட்டாத குறை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வண்டியில் ஏறுகிறவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. கூட வருகிறவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டால் பிழைப்பு போச்சு. லாரி ஓட்டி முதுகு போன பிறகு சாவு வண்டியாக ஓட்ட வாங்கிய பழைய பெட்ரோல் வேன் இது. 'சொர்க்க ரதம்' என்று முந்தைய ஓனர் எழுதி வைத்ததை நான் அழிக்கவில்லை. எஞ்சின் என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மத்தியானத்தில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினால் தோசைக்கல்லின் மேல் உட்கார்ந்த மாதிரிதான்.

பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனில் அடைத்துக்கொள்கிறது. வேறென்ன இருக்க முடியும்?

ஏப்ரல் 4, வியாழன்

தீர்த்தகிரியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். லாரி ஓட்டிய காலத்திலிருந்து பழக்கம். வண்டியை உள்ளே விட மட்டும் மாட்டேன் என்கிறான். "புது வண்டிக்காரங்க வந்து போற எடமுங்க குமரகுருண்ணா. இதப் பார்த்தா அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. சாயங்காலமா நானே ரோட்டோரம் வந்து பாக்குறேன்."

சாயங்காலம் வந்தான். வண்டி ஆறிக் கிடந்தது. தொட்டதும் எடுத்தது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி நல்ல பேர் வாங்கிக்கொண்டது. "சூடா நிக்கிறப்ப கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சூடாக நிற்கும்போது பின்னால் ஒருவர் படுத்திருக்கிறாரே, அப்போது எப்படிக் கூப்பிடுவது?

ஏப்ரல் 9, செவ்வாய்

பெட்ரோல் பம்பைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டினேன். இன்றைய சவாரி நிற்காமல் போய்ச் சேர்ந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று கலைமணியிடம் சொன்னேன். "சுடுகாடு பக்கத்துலயே இருந்துச்சு, அதனால போயிருக்கும்" என்றாள் என் பொண்டாட்டி. நல்ல வார்த்தை ஒன்று அவள் வாயில் வராது.

ஏப்ரல் 18, வியாழன்

எழுதாமல் படுக்க முடியாது.

வைகுந்தம் டோல்கேட் தாண்டி, வயல்காட்டுக்கு நடுவே கொஞ்சம் வீடுகள் சேர்ந்த ஒரு வளவு. பையன் பேர் கோகுல்ராஜ். முப்பதுதான் இருக்கும். போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருக்கிறான். நேற்றுக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பொண்டாட்டி தீபிகா. பெண் குழந்தை ஒன்று, இன்னும் பள்ளிக்கூடம் சேர்க்காத வயது. முந்தின நாள், "மறுபடியும் ரிக்குக்குப் போக வேண்டாம்" என்று தீபிகா அவனிடம் சண்டை போட்டிருக்கிறாள். அது வளவு முழுக்கக் கேட்டிருக்கிறது. அதுதான் வினையாகப் போய்விட்டது.

வீட்டு வாசலில் சீர், சடங்கு எல்லாம் முடிய வெகு நேரமானது. மைக் செட் ஓட வேண்டும் என்பதால் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தேன். நல்ல உச்சி வெயிலில் கிளம்பினோம். பறை முன்னால், நான் நடுவில், சனம் பின்னால். முச்சந்தி வந்ததும் வழக்கம் போல, "பொம்பளைங்க நில்லுங்க" என்றார்கள். பெண்கள் நின்றார்கள். அந்தப் பெண் தீபிகா வண்டியின் கண்ணாடியில் கை வைத்தபடி வந்தவள், கையை எடுத்துவிட்டு நின்றாள்.

அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது.

இருமல் இல்லை, திணறல் இல்லை. பட்டென்று போய்விட்டது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. நான் இறங்கி, "எஞ்சின் சூடுங்க, கொஞ்சம் பொறுத்தாச் சரியாயிருமுங்க" என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பையனின் சித்தப்பா பெரியசாமி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இருப்பா" என்றார்.

தேங்காய் உடைத்தார்கள். பையனின் தாய் முத்தாயம்மாள் வண்டியின் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். "என்ன கண்ணு குறை உனக்கு, சொல்லு கண்ணு." வண்டி எடுக்கவில்லை. பறையும் நின்றுவிட்டது. அப்புறம் அந்த அம்மாள் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"இவ மூஞ்சியப் பார்த்துத்தான் நிக்கிறான். இவ என்னமோ பண்ணியிருக்கிறா. இவளை இங்கிருந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

நாலு பொம்பளைகள் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. வண்டியையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். வீட்டுக்குள் அவளை விட்டுவிட்டு அவர்கள் திரும்பி வந்த பிறகு பெரியசாமி, "இப்ப எடு" என்றார்.

எடுத்தேன். எடுத்துக்கொண்டது. அதற்குள் ஆறிவிட்டது, அவ்வளவுதானே. இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று நான் காத்திருந்திருக்கலாம். அவள் போன கையோடு எடுத்திருக்கவே கூடாது. எனக்கு அது தோன்றவில்லையே.

"பாத்தீங்களா? அவ போனதும் கெளம்பிருச்சு." பின்னால் நூறு பேர் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

கலைமணி தறி ஓட்டப் போகும் இடத்தில் அந்த வளவுக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் சொன்னாளாம். தீபிகாவை அயோத்தியாப்பட்டணத்துக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை மட்டும் அனுப்பவில்லை. "எம்பையனைத் தின்னவகிட்ட எம்பேத்தியைக் குடுக்க மாட்டேன்" என்று முத்தாயம்மாள் பிடித்து வைத்துக்கொண்டாராம். பாப்பா அம்மாவைக் கேட்டு அழுது காய்ச்சலில் கிடக்கிறதாம்.

"என்னத்தை வெச்சு அப்படிச் சொல்றாங்களாம்?" என்று கேட்டேன்.

"உங்க வண்டியை வெச்சுத்தான்" என்றாள் கலைமணி.

ஏப்ரல் 23, செவ்வாய்

பெரியசாமியைப் பார்க்கப் போனேன். வண்டிக் கோளாறுங்க, பெத்த தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வைக்காதீங்க என்று சொன்னேன். மனிதர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்துத்தான் கேட்டார்.

"கோளாறுன்னா வர்ற வழியில எங்க வேணும்னாலும் நின்னிருக்கலாமில்லீங்க? அவ நின்ன எடத்துல, அவ கையை எடுத்த நேரத்துல ஏன் நிக்கோணும்?"

எனக்குத் தெரியவில்லை.

"சரி, என்ன கோளாறு? அதையாவது சொல்லுங்க."

அதுவும் தெரியவில்லை. பெட்ரோல் ஆவி அது இது என்று உளறினேன்.

"என்ன கோளாறுன்னே தெரியாம அவளுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டீங்களே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கூசியது.

ஏப்ரல் 25, வியாழன்

பார்த்தவை: மாலைகளை முன்னால் கட்டினால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாது என்று எல்லாவற்றையும் கழற்றினேன். உள்ளே செருகியிருந்த பூவிதழ், பொரி, நார் எல்லாவற்றையும் ஊதி எடுத்தேன். எத்தனை பேரின் கடைசிப் பூ அங்கே கருகிக் கிடந்ததோ. சூட்டு முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது. ஆக, தண்ணீர் கொதிக்கவில்லை.

டேங்க் மூடி அடைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வராது என்பார்கள். ஓட்டிவிட்டுத் திறந்து பார்த்தேன். உஸ் என்ற சத்தம் இல்லை. அதுவும் இல்லை.

பெட்ரோல் ஃபில்டர் புதிதாகப் போட்டேன். ஈரச்சாக்கு அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

இன்று மறுபடியும் நின்றது. ஒரு அம்மாளைக் கொண்டுபோகும்போது. இந்தத் தடவை விடக்கூடாது என்று சீட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டேன். மகன் ஓடி வந்து சட்டையைப் பிடித்தான். "எங்கம்மா கெடக்குறாங்க, நீ ரிப்பேரு பாக்குறியா?" அவன் கேட்டதில் என்ன தப்பு? சீட்டை இறக்கிவிட்டேன்.

அவர்களும் தேங்காய் உடைத்தார்கள். "சின்னவளை நாங்க பாத்துக்கறோம், போயிட்டு வா" என்று அந்த அம்மாளிடம் சத்தியம் செய்தார்கள். அப்புறம் எடுத்தது. சத்தியம் செய்து முடிக்கவும் எஞ்சின் ஆறவும் ஒரே நேரம்தான் பிடிக்கிறது. இதை யாரிடம் சொல்ல?

மே 2, வியாழன்

தீர்த்தகிரி ஒரு கேள்வி கேட்டான். "இழுத்து இழுத்து, திக்கித் திக்கி நிக்குதா, இல்ல பட்டுனு நிக்குதா?"

பட்டென்றுதான்.

"அப்புறம் எதுக்கு பெட்ரோலைப் புடிச்சுத் தொங்குறீங்க? பெட்ரோல் தீர்ந்தா திக்கும். பட்டுனு போனா கரண்டு. நீங்க டீசல் வண்டிக்காரருங்க. டீசலுக்கு ப்ளக்கும் இல்ல, பொறியும் இல்ல. அதான் உங்களுக்கு எல்லாமே எண்ணெயாவே தெரியுது."

உண்மைதான். இத்தனை வருஷம் லாரி ஓட்டியவனுக்கு வண்டி நின்றால் கை தானாக டீசல் பம்புக்குத்தான் போகும். பெட்ரோல் வண்டி வாங்கியும் புத்தி மட்டும் மாறவில்லை. நான் அந்த ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் ஒரு குழந்தை அம்மா இல்லாமல் கிடக்கிறது.

எதுவானாலும் சூடாக நிற்கும்போது பார்த்தால்தான் தெரியும் என்கிறான். அதற்கு ஒரே வழிதான். ஆளில்லாமல் ஒரு ஊர்வலம் போக வேண்டும். உச்சி வெயிலில், நடை வேகத்தில், வெறும் வண்டியாக.

கலைமணியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "வண்டி மெதுவா வரோணும்னா முன்னால யாராவது நடக்கோணுமே" என்றாள்.

மே 5, ஞாயிறு

நேற்றே கத்தரி வெயில் தொடங்கிவிட்டது. சங்ககிரி மலைக்கோட்டைக்குக் கீழே போகும் பழைய ரோட்டில் வைத்துக்கொண்டோம். தீர்த்தகிரி கடைக்கு லீவு விட்டு பைக்கில் பின்னால் வந்தான். வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டான். கலைமணி குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். முதலில் வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன், அன்றைக்கு வளவில் ஓடவிட்டது போல.

ரோட்டோரம் ஆடு மேய்த்த ஒரு ஆள் தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். "ஆருங்க?" என்று கலைமணியிடம் கேட்டார். "ஆருமில்லீங்க, வண்டி ரிப்பேருங்க" என்றாள். அவர் நம்பவில்லை. வண்டி அவரைத் தாண்டும் வரைக்கும் கும்பிட்டபடியே நின்றார்.

நடந்துகொண்டே கலைமணி திரும்பாமல் பேசினாள். "எங்கம்மா செத்தப்ப நான் முச்சந்தியோட நின்னவ. அதுக்கப்புறம் சுடுகாட்டுல என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இவ்வளவு தூரம் ஒரு வண்டிகூட நான் நடந்ததே இல்லை." எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

நின்றது. அதே மாதிரி, பட்டென்று. அதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருக்கும்.

சீட்டைத் தூக்கினோம். தீர்த்தகிரி கார்பரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொன்னான். பெட்ரோல் பீச்சியது. ஆவியாவது ஒன்றாவது. அடுத்து, ப்ளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலின் வயரைப் பிடுங்கி, ஒரு பழைய ப்ளக்கைச் செருகி, இரும்பில் வைத்து அடிக்கச் சொன்னான். பொறி இல்லை. காயிலை நான் தொட்டேன். விரல் பொத்துப் போகிற மாதிரி சுட்டது. என் பம்பிலிருந்த அதே ஈரச்சாக்கை அவிழ்த்துக் காயிலின் மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். ஆவி பறந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தோம். நீலப் பொறி. எஞ்சின் எடுத்துக்கொண்டது.

தேங்காயும் இல்லை, சத்தியமும் இல்லை. ஒரு குடம் தண்ணீர்தான்.

இந்தக் காயிலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் இருக்க வேண்டுமாம், வெள்ளையாகப் பீங்கான் கட்டி போல. கரண்டைக் குறைத்துக் கொடுக்கும். ஊர்வலத்துக்கு மைக் செட் போட லைன் இழுத்தவன் எவனோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கொடுத்திருக்கிறான். "ஸ்பீடாப் போனா தாங்கிக்கும். நின்னுக்கிட்டே ஓடினா, நடை வேகத்துல போனா காயில் வெந்துரும்" என்றான். சாவு வண்டி வேறு எந்த வேகத்தில் போகும்?

பெரியசாமி கேட்ட கேள்விக்கும் இப்போது பதில் தெரிகிறது. எல்லா வளவிலும் இதே கதைதான். வாசலில் சடங்கு முடியும் வரை எஞ்சின் ஓடும். அங்கிருந்து முச்சந்தி வரை ஊர்ந்து போகும். காயில் வேகிற நேரமும் பெண்களை நிறுத்துகிற இடமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேரும். அவள் கையை எடுத்ததால் நிற்கவில்லை. அவள் கையை எடுக்கிற இடம் எப்போதும் அதுதான்.

மே 6, திங்கள்

புதுக் காயில், ரெசிஸ்டரோடு. பழையதை வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்கு வேண்டும்.

மே 7, செவ்வாய்

பழைய காயிலையே, ரெசிஸ்டர் இல்லாமல், மறுபடி மாட்டிக்கொண்டு வளவுக்குப் போனேன். வண்டியைக் கண்டதும் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். பெரியசாமியிடம், "எங்கூட முச்சந்தி வரைக்கும் நடந்து வாங்க, வேறொண்ணும் கேக்கலை" என்றேன். முத்தாயம்மாள் வாசலுக்கு வந்து நின்றார். இடுப்பில் பாப்பா. மெலிந்து கண் மட்டும்தான் இருந்தது.

எஞ்சினை அன்று போலவே ஓடவிட்டேன். அப்புறம் கிளம்பினோம். பெரியசாமி முன்னால். முத்தாயம்மாள் யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்தார். பின்கதவைத் திறந்தே வைத்திருந்தேன், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியட்டும் என்று.

முச்சந்திக்கு நாலு எட்டு முன்னாலேயே நின்றது.

பெரியசாமி வண்டியையும் முச்சந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டைத் தூக்கி, காயிலைத் தொடச் சொன்னேன். தொட்டுக் கையை உதறினார். தண்ணீர் ஊற்றினேன். எடுத்துக்கொண்டது. "தப்புப் பண்ணிட்டோமுங்களே" என்றார் மெதுவாக. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இறங்கியதா? ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

முத்தாயம்மாள் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆருமில்லீங்களா?"

"ஆருமில்லீங்கம்மா."

"ஆருமில்லாமயே நிக்குதுங்களா?"

"ஆமாங்க. சூடானா நின்னுரும்."

"அப்ப அன்னைக்கு எம்பையன் நிக்கலையா சாமி?"

உள்ளே பார்த்தபடியே அவரே பேசினார். "அவ மேல கோவத்துலயோ என்னமோ, ஒரு நாழி நின்னான்னு நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க" என்றார். "நிக்காமயே போயிட்டானுங்களா?"

நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா பாட்டியின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது. பெரியசாமி தூக்கிவிட்டபோது ஒன்றுதான் சொன்னார். "இவளை இவங்கம்மாகிட்டக் கொண்டுபோய் உட்டுருங்க. நான் வெச்சிருந்து என்னத்துக்கு?"

மே 8, புதன்

புதுக் காயிலையும் ரெசிஸ்டரையும் மாட்டினேன். பழையதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. டூல் பெட்டியில் கிடக்கிறது.

மே 12, ஞாயிறு

பெரியசாமி, நான், பாப்பா, மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். என் வண்டியில் குழந்தையை ஏற்றுவேனா? சேலத்தில் இறங்கி ஆத்தூர் ரோட்டு டவுன் பஸ். பாப்பா வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "அம்மா ஊடு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தது.

அயோத்தியாப்பட்டணத்தில் தாயும் பிள்ளையும் கட்டிக்கொண்டதை எழுதப் போவதில்லை. எழுத வராது. பெரியசாமி திண்டாடி, "தப்பு எங்க பக்கம்தான் அம்மிணி, மனசுல வெச்சுக்காத. உனக்கு எப்ப வரோணும்னு தோணுதோ அப்ப வா, அது உன் ஊடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் கிளம்பும்போது தீபிகா வாசல் வரைக்கும் வந்தாள். இவளுக்காகத்தானே இத்தனையும் செய்தேன். ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

"வண்டியில என்னண்ணா ரிப்பேரு?" என்று கேட்டாள்.

சொன்னேன். காயில், ரெசிஸ்டர், நடை வேகம், எல்லாம். ஆர்வமாகவே சொன்னேன், மடையன். அவள் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"எல்லா எடத்துலயும் அங்கதான் நிக்குமாண்ணா? அந்த மூலைகிட்ட?"

"கிட்டத்தட்ட அங்கதாம்மா."

"சரிண்ணா."

அப்புறம், "தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "முந்தின நாளு பேசினது அத்தனையும் சண்டைதான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்தாரு. விடிஞ்சதும் போயிட்டாரு. அந்த மூலையில என்னை நில்லுன்னாங்க. கையை எடுத்தேன், வண்டி நின்னுச்சு. அத்தை என்னவோ சொன்னாங்க, எல்லாரும் திட்டினாங்க. எனக்கு எதுவுமே கேக்கல. கோவம் போயிடுச்சு, எனக்காகத்தான் நிக்கிறாருன்னு நெனச்சேன். இத்தனை நாளா அதை வெச்சுத்தான்ணா தூங்கினேன்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. "எப்பவுமே அங்கதான் நிக்கும்னு சொல்ல முடியாதும்மா, அன்னைக்கு எப்படியோ" என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்ணா" என்றாள். அழவில்லை. "நீங்க நல்லதுதான் செஞ்சீங்க. பாப்பா வந்துட்டா."

திரும்பும்போது பஸ்ஸில் பெரியசாமி தூங்கிவிட்டார். எனக்குத்தான் ஒரே கேள்வி. கோளாறைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் பிள்ளை இல்லை. கண்டுபிடித்ததால் புருஷன் இல்லை. இதில் நான் எதைச் செய்திருக்க வேண்டும்?

மே 20, திங்கள்

வண்டி நிற்கவில்லை. எல்லாரும் சந்தோஷம்.

மே 29, புதன்

இன்றும் நிற்கவில்லை. ஒரு வயதான அம்மாள், உள்ளே படுத்திருந்த புருஷனோடு முச்சந்தி வரைக்கும் நடந்து வந்தார். "நில்லுங்க" என்றார்கள். நின்றுவிட்டார். நான் தாண்டிப் போய்விட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், கையை இப்படி லேசாகத் தூக்கினார், எதற்கென்று அவருக்கே தெரியாத மாதிரி. வண்டி அருமையாக ஓடுகிறது.

ஜூன் 9, ஞாயிறு

சங்ககிரி பஸ் ஸ்டாண்டில் முத்தாயம்மாள். சேலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். கையில் பை, பையில் முறுக்கு. பேத்தியைப் பார்க்கப் போகிறாராம். தீபிகா இன்னும் வரவில்லை, வருவாள் என்றும் தோன்றவில்லை என்றார். என்னைத் திட்டவும் இல்லை, நல்லா இரு என்று சொல்லவும் இல்லை. பஸ் கிளம்பும்போது, "வண்டி இப்ப நிக்கறதில்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லீங்க என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று ஒரு நெசவுக்காரர். ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருப்பவள், எடுக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். சரியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வண்டியோடு ஓடி வந்தாள். முச்சந்தியில், "பொம்பளைங்க நில்லுங்க" என்றார்கள்.

சாவியை நானே திருப்பி அணைத்தேன்.

இறங்கினேன். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "வண்டி சூடாயிருச்சுங்க. இது இந்த வண்டியோட பழைய கோளாறு. ஆரு மேலயும் குத்தமில்ல. ஆறுறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். பாக்கோணுங்கிறவங்க வந்து பாத்துக்கங்க." போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

பெரிய மனுஷன் ஒருத்தர் முறைத்தார். வண்டி நின்றுவிட்டால் அவர்தான் என்ன செய்வார்? அந்தப் பெண் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லாத எஞ்சினுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். அவள் தானாக இறங்கிய பிறகுதான் எடுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

தீர்த்தகிரி வழியில் பார்த்தான். "என்னங்கண்ணா, வண்டி மறுபடியும் நிக்குதாமே? காயில் புதுசாச்சே. சாயங்காலம் வந்து பாக்குறேன்."

வேண்டாம் என்றேன்.